கண்டக்குளி முதல் உடப்பு வரை லாடமில்லாத குதிரையில், எட்டுக் கிலோமீட்டர் குறைய

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணம் முடியவில்லை. புத்தளம் பக்கம் கண்டக்குளியிலிருந்து உடப்பு வரை கடற்கரையோரமாகக் குதிரையில் ஐம்பத்துநான்கு கிலோமீட்டர், இரண்டு நாளில் போவதாகத் திட்டம். நாற்பத்தாறில் நின்றுவிட்டது. அதே பாதையில் போகும் எண்ணத்தோடு நீங்கள் இதைத் தேடி வந்திருந்தால், ஏன் நின்றது என்பதைத் தெரிந்துகொண்டு மேலே யோசிப்பது நல்லது.

போனது மாசி மாதத் தொடக்கத்தில். நோன்பு தொடங்குவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது, வத்தளையில் வீடு, கொழும்பில் கப்பல் கம்பனி ஒன்றில் வேலை, இரண்டு முழங்காலிலும் வலி. ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரை ஓடுவேன். இந்தியாவில் ஒருமுறை எண்பது கிலோமீட்டர் நெடுந்தூரச் சவாரி ஒன்றை முடித்திருக்கிறேன். நெடுந்தூரச் சவாரி என்றால் வேகப் பந்தயம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முடிவில் மிருக வைத்தியர் குதிரையை நடக்கவிட்டுப் பார்ப்பார். குதிரை நொண்டினால் நீங்கள் முதலாவதாக வந்திருந்தாலும் வராததற்குச் சமம்.

இந்த விளையாட்டில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. குதிரைக்கு இரும்பு லாடம் அடிப்பதா, வெறுங்குளம்போடு விடுவதா? எங்கள் வட்ஸ்அப் குழுவில் இதற்காகவே விடிகிறது, இதற்காகவே பொழுது படுகிறது. லாடக்காரர்கள் மற்றவர்களைக் கொடுமைக்காரர்கள் என்பார்கள். வெறுங்குளம்புக்காரர்களும் அதே சொல்லைத்தான் திருப்பி எறிவார்கள். நான் வெறுங்குளம்புக் கட்சி. ஆணி அடித்து அடித்துக் குளம்பைச் சல்லடையாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. கற்கள் வந்தால் மாட்டி, மணல் வந்தால் கழற்றக்கூடிய இறப்பர்ச் சப்பாத்து இருக்கிறது, அது போதும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எழுதி எழுதிச் சலித்தும் போயிருந்தேன். அப்போதுதான் நளீம் நானாவின் அழைப்பு வந்தது.

நளீம் நானா, அதாவது நளீம் அண்ணன், கண்டக்குளியில் இரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு உல்லாசப் பயணிகளைக் கரையில் ஏற்றி இறக்குபவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒருமணி நேரச் சவாரிக்குப் போனபோது பழக்கம். வளைகுடா நாடொன்றில் நெடுந்தூரக் குதிரைகள் வளர்க்கும் லாயத்தில் பதினான்கு வருடம் வேலை செய்தவர். லாடம் அடிக்கவும் அங்கேதான் பழகினார். அவருடைய கட்சி இரும்புக் கட்சி என்று சொல்லவே தேவையில்லை.

விஷயம் இதுதான். பக்கத்து ஹொட்டேல் ஒன்று, வைகாசியில் காற்றுக்காலம் தொடங்கி உல்லாசப் பயணிகள் பெருகியதும் தன் விருந்தினர்களுக்கு இரண்டு நாள் கரையோரச் சவாரி ஒன்றை வைக்க நினைத்தது. நானாவின் சொந்தக்காரர் அல்லாத, சவாரி தெரிந்த ஒருவர் முழுத் தூரமும் ஓடிப் பார்த்து எழுத வேண்டும் என்பது மனேஜரின் நிபந்தனை. அந்த எழுத்தைத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டு நானாவோடு ஒப்பந்தம் செய்வார்களாம். அதாவது நானாவின் அடுத்த ஆறு மாதச் சீவியம் நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தப் பதிவில் தொங்கிக்கொண்டிருந்தது.

“மிஸ், நீங்க வந்து ஓடிப் பாருங்கோ,” என்றார் போனில். “நல்லா இருந்தா நல்லா இருக்கெண்டு எழுதுங்கோ. இல்லாட்டி இல்லையெண்டு எழுதுங்கோ. மைனாவ உங்களுக்கெண்டே தயார் பண்ணி வெக்கிறன்.”

மைனா என்பது பெண்குதிரை. கபில நிறம், ஏழு வயது, கண்ணில் கொஞ்சம் குறும்பு. அவளுடைய குளம்புச் சுவர் மெல்லியது, ஆணி பிடிக்காது. அதனால் இரும்புக் கட்சிக்காரரின் வீட்டிலேயே மூன்று வருடமாக லாடமில்லாமல் நிற்கிறாள். இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? என் கட்சி சரியென்று காட்டலாம், நானாவுக்கும் உதவலாம் என்று இரண்டு நாள் லீவு போட்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் கல்லும் திரும்பி வருவதில்லை.

கொழும்பிலிருந்து கற்பிட்டிக்கு நேரே போகும் பஸ் பிடித்தேன். ஏறத்தாழ நூற்றெழுபது கிலோமீட்டர், ஐந்து மணித்தியாலம், அறுநூற்றுச் சொச்சம் ரூபா. சிலாபம் தாண்டியதும் தூங்கி, மதுரங்குளியில் யாரோ என் காலில் ஒரு வாழைக்குலையை வைத்தபோது விழித்தேன். பாலாவியில் பஸ் இடப்பக்கம் திரும்பியதும் காற்றில் உப்பும் கருவாடும் வந்துவிடும். றோட்டில் கட்டாக்காலிக் கழுதைகள் படுத்திருக்கும். சாரதி ஹோன் அடிப்பார், கழுதை எழும்பாது, பஸ்தான் சுற்றிப் போகும். கண்டக்குளிக்குத் திரும்பும் இடத்தில் இறங்கினால் நானாவின் வீட்டுக்கு ஓட்டோ முந்நூறு ரூபா.

அன்று அந்தியிலேயே மைனாவின் நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்தேன். அசந்துபோனேன். இரண்டு வருடத்துக்கு முன் பார்த்ததைவிடக் குளம்பு இறுகிப் போயிருந்தது. விரலால் சுண்டினால் மரப்பலகையில் சுண்டியது போல ஒலித்தது. “மாஷா அல்லாஹ் சொல்லுங்கோ மிஸ்,” என்று நானா சிரித்தார். சொன்னேன். எப்படி இப்படி ஆனது என்று கேட்கத் தோன்றவில்லை. நான் நம்ப விரும்பியதைத்தான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு என்ன கேள்வி?

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். நான் மைனாவில், நானா கப்டனில். கப்டன் சாம்பல் நிற ஆண்குதிரை, நான்கு காலிலும் புது லாடம். சேணப்பையில் தண்ணீர் நான்கு லீற்றர், பேரீச்சம்பழம், என் இறப்பர்ச் சப்பாத்து ஒரு சோடி, நானாவின் சுத்தியல், ஆணி, உபரியாக ஒரு லாடம். இப்படி ஆளுக்கொரு நம்பிக்கையைப் பையில் கட்டிக்கொண்டு கரையில் இறங்கினோம்.

முதல் பன்னிரண்டு கிலோமீட்டரைப் பற்றி எழுத எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அலை வந்து போன ஈர மணல், கெட்டியாகவும் அதே நேரம் கால் நோகாமலும் இருக்கும். மைனா அதில் காலை வைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். தயக்கமே இல்லை. குளம்பு விரிந்து மணலைப் பிடித்து விடுகிறது, அடுத்த அடிக்கு எழும்புகிறது. கப்டன் பின்னால் கொஞ்சம் ஆழமாகப் புதைந்து வந்தான். நான் திரும்பித் திரும்பி நானாவைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

“சரி மிஸ், சரி. மணல் அவட வீடு தானே. வீட்டுல யாரு சப்பாத்துப் போடுறது?” என்றார்.

தலவிலத் தேவாலயத்துக்கு அருகில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டி, நாங்கள் பாணும் சீனிச் சம்பலும் தின்றோம். அதற்கு மேல்தான் சோதனை. நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தை ஒட்டிய கரையால் போக முடியாது. உள்ளே வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவால் சுற்றிப் போக வேண்டும். அங்கே ஒரு வடிகாலைக் கடக்கும்போது கப்டனின் முன்கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. எழும்பிய போது லாடம் இல்லை. லாடத்தோடு குளம்புச் சுவரில் ஒரு துண்டும் போயிருந்தது.

நானாவும் நானும் அந்தக் கறுப்புச் சேற்றில் தோள்வரை கையை விட்டுத் துழாவினோம். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மனிதர் ஒருவர் வரம்பில் குந்தியிருந்து பார்த்தார்.

“என்னத்தத் தேடுறீங்க?”

“லாடம்.”

“போன வருஷம் என்ட ஒரு சோடி செருப்பு இதுக்குள்ளதான் போச்சு. சேந்து வந்தா அதையும் எடுத்துத் தாங்க.”

இரண்டும் வரவில்லை. நானா உபரி லாடத்தை எடுத்து, சுவர் உடையாத பக்கமாக ஆணிகளைத் தள்ளி அடித்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். குழுவில் எழுதவேண்டிய வசனங்கள் மனதில் தாமாக அடுக்கிக்கொண்டு வந்தன. முழங்கால் வலித்துக்கொண்டிருந்தாலும் இந்த வேலை மட்டும் நிற்கவில்லை.

மாம்புரியில் நானாவின் மச்சினி ரிஹானாவின் வீட்டில் தங்கினோம். அன்றைக்கு ஓடியது இருபத்தைந்து கிலோமீட்டர். சேணத்திலிருந்து இறங்கியபோது கால்கள் என்னுடையவை போலவே இல்லை. ரிஹானா சுடுதண்ணீர் கொண்டுவந்து தந்து, “இந்த வயசுல என்னத்துக்கு உங்களுக்கு இந்தப் பாடு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. இடியப்பமும் மீன் சொதியும் வைத்தார். தங்கியதற்குக் காசு கொடுக்கப் போனால் கோபித்துக்கொள்வார் என்று நானா எச்சரித்ததால் ஒரு பெட்டி தேயிலை மட்டும் கொடுத்தேன்.

சாப்பிட முன்பு, பொழுது படும் நேரம், நானா வாளியில் ஏதோ கரைப்பதைக் கண்டேன். கிட்டப் போனால் உப்பு. கையால் அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கி, மைனாவின் முன்காலைத் தூக்கி அதற்குள் வைத்தார்.

“என்ன நானா இது?”

“அப்ப நீங்க கவனிக்கல்லயா?” அவர் முகத்தில் பெருமை வழிந்தது. “உப்புப் பாத்தியில வேலை செய்றவங்கட காலப் பாருங்கோ மிஸ். முள்ளு ஏறாது, கல்லு ஏறாது. மைனாட காலுக்கும் அதுதான் மருந்து. ஒரு மாசமா ஒவ்வொரு அந்தியும் வீட்டுக்குப் பின்னால உப்புப் பாத்தி வாய்க்கால்ல அர மணித்தியாலம் நிப்பாட்டினன். எல்லாம் உங்கட சவாரிக்குத்தான். லாடம் வேணாமெண்டு சொன்னீங்க தானே?”

புத்தளத்துக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு விளையும் ஊரில், காலை எது இறுக்கும் என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? எனக்கு உடனே ஒரு பயம் வந்தது. கடும் உப்புநீர் குளம்பிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரமில்லாத குளம்பு இறுகும், ஆனால் வளைந்து கொடுக்காது. காய்ந்த தென்னோலைபோல முறியும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைய மணலில் மைனா ஓடிய ஓட்டம் கண்ணிலேயே இருந்தது. எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. களைப்பு வேறு. “இன்றைக்குப் போதும் நானா,” என்று மட்டும் சொல்லி வாளியை அப்பால் வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். முதல் எட்டுக் கிலோமீட்டர் திரும்பவும் மணல். காற்றாலைகள் வரிசையாகச் சுழல, அவற்றின் நிழல் கரையில் சுற்றுவதைப் பார்த்து கப்டன் இரண்டு தரம் மிரண்டான். மைனா திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஓரிடத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலிலிருந்து வரும் கயிறு இடுப்பளவு உயரத்தில் விறைத்து நின்றது, இருபது பேர் அதைப் பிடித்துப் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். வலை கரையேறும்வரை கயிற்றைத் தாண்டக் கேட்பது மரியாதையில்லை. குதிரை கயிற்றில் மாட்டினால் ஆளும் போகும், மீனும் போகும். இறங்கிக் காத்திருந்தோம். ஒன்றே கால் மணித்தியாலம் போனது. வலையில் வந்தது கொஞ்சம் சூடை மீனும் நிறையச் சாதாழைக் கடற்பாசியும். மன்றாடி, அதாவது வலைக்குப் பொறுப்பானவர், குதிரைகளைப் பார்த்துவிட்டு, “அடுத்த முறை இதுகளையும் கயித்தில கட்டுங்கோ தம்பி, எங்களுக்கு ஆள் குறைவு,” என்றார். நானா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு எரிச்சல்.

இன்னும் இரண்டு கிலோமீட்டரில் கரையே இல்லாமல் போனது. கடல் அரித்த இடங்களில் பெரிய பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். குதிரை ஏற முடியாது. போன வருடம் நானா வந்து பார்த்தபோது கற்கள் இவ்வளவு தூரம் இருக்கவில்லையாம். உள்ளே திரும்பினால் இறால் பண்ணைகளுக்கு நடுவே கிறவல் றோட்டு. கூரான, சிவந்த, கைமுட்டியளவு கற்களும் அதற்குள் இருந்தன.

வெறுங்குளம்பே தாங்கும் என்று நம்பி, சப்பாத்தை எடுக்காமல் நான்கு கிலோமீட்டர் மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். மைனா தலையைத் தாழ்த்தி ஒவ்வொரு அடிக்கும் இடம் தேடினாள். பிறகு ஏதோ முறிந்த சத்தம். இறங்கிப் பார்த்தேன். முன் இடது குளம்பின் விளிம்பில் ஐந்து ரூபா நாணயக்குற்றியளவு ஒரு துண்டு பெயர்ந்து கிடந்தது. வலது காலிலும் விளிம்பு உதிர்ந்து வெடிப்பு. நல்ல குளம்பு இப்படி உடைவதில்லை, தேய்ந்துதான் போகும். அந்தத் துண்டைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன். பட்டென்று இரண்டாகிவிட்டது. நானா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதற்காகத்தானே கொண்டுவந்தோம் என்று என் இறப்பர்ச் சப்பாத்துகளை எடுத்து இரண்டு முன்காலிலும் மாட்டினேன். மைனா உடனே நிமிர்ந்து நடந்தாள். ஒரு கிலோமீட்டர் ஓட்டமும் ஓடினாள். எனக்கு மூச்சு வந்தது. உடைந்த விளிம்பால் குளம்பின் அளவு குறைந்துவிட்டது, சப்பாத்து ஒரு நூல் தளர்வாக நிற்கிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த றோட்டிலோ கிறவலுக்கு இடையிடையே மணல் மேடுகள். நடுவில் ஒரு வாய்க்காலையும் கடந்தோம். தளர்ந்த வாய் வழியாக ஈர மணல் உள்ளே போயிருக்கிறது. உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு அடியும் அவளுடைய குதியைத் தேய்த்திருக்கிறது. சப்பாத்து மாட்டியதிலிருந்து ஏழாவது கிலோமீட்டரில் அவள் அடி குறுகியது. பிறகு தலை ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பத் தொடங்கியது. நொண்டி.

சப்பாத்தைக் கழற்றினேன். இரண்டு காலிலும் குளம்புக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சதை தோலுரிந்து இரத்தம். மணல் அதில் ஒட்டியிருந்தது. மைனா காலை என் மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் நின்றாள். அப்போது எனக்கு அழுகை வந்தது. பதினாறு வருடமாகக் குதிரை ஓடுகிறேன், என் கையால் ஒரு குதிரைக்கு இப்படிச் செய்ததில்லை.

உடப்புக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர். அங்கே கோயிலடிக் கரையில் ஹொட்டேல் மனேஜர் போட்டோக்காரரோடு வந்து நிற்கிறார். நானா குடிக்க வைத்திருந்த கடைசிப் போத்தல் தண்ணீரால் மைனாவின் காயத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

“உப்பால தானே மிஸ் உடைஞ்சது?”

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. “ஓம் நானா. அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இந்தக் காயம் என் சப்பாத்தால வந்தது.”

“அவளுக்கு நல்லது செய்றமெண்டு ரெண்டு பேரும் சேந்து...” என்றார்.

பட்ட காலிலே படும் என்பார்கள். இங்கே படவைத்தது நாங்கள் இருவரும். அவர் உப்பை நம்பினார், நான் இறப்பரை நம்பினேன். இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் ஒருவேளை மைனா தப்பியிருப்பாள். உப்பு குளம்பை உடைத்தது, உடைந்த குளம்பு சப்பாத்தைத் தளர்த்தியது, தளர்ந்த சப்பாத்து மணலை உள்ளே விட்டது. குழுவில் எவரும் இப்படியொரு கதையை எழுதியதில்லை.

நானா யோசித்துவிட்டு, “மிஸ் கப்டன்ல போங்கோ. மனேஜர் மாத்தயா ஒரு குதிரையாச்சும் பாக்கட்டும். நான் மைனாவோட இங்க நிக்கிறன்,” என்றார். ஏறினேன். ஐம்பது மீற்றர்கூடப் போகவில்லை. கப்டன் நின்றான், திரும்பினான், கனைத்தான், என்னைக் கேட்காமலே மைனாவிடம் வந்து மூக்கை அவள் கழுத்தில் வைத்தான். மூன்று வருடம் ஒரே லாயத்தில் நின்றவை. இறங்கிவிட்டேன்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். “நானா, நான் மணல் பகுதியை மட்டும் நல்லா எழுதுறேன். கிறவல் றோட்டைப் பற்றிச் சொல்லாமலே விடலாம். அடுத்த முறைக்கு வேற நல்ல சப்பாத்து வாங்கலாம். மனேஜருக்கு ஏதாவது சாட்டுச் சொல்லலாம்.” உண்மையாகவே சொன்னேன். அந்த மனிதரின் ஆறு மாதச் சோறு அது.

நானா போத்தலின் மூடியை இறுக்கிப் பையில் வைத்தார்.

“வைகாசியில கடல் இன்னும் ஏறும் மிஸ். மணல் இன்னும் குறையும். கிறவல்லதான் மிச்சத் தூரமும் போகணும். நீங்க எழுதினத வாசிச்சிட்டு வாறவங்கட காலா நடக்கப் போகுது? இவட காலு தானே.”

அதற்குப் பிறகு அவரே மதுரங்குளியிலிருக்கும் தன் மச்சானுக்குப் போன் பண்ணி லொறி வரச் சொன்னார். அடுத்த போன் மனேஜருக்கு. சிங்களத்தில் நாலு வசனம். குதிரைக்குக் கால் போயிட்டுது, வர மாட்டோம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிழை என்னுடையது. பிழையில் எனக்கும் பாதி இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்னே போனை வைத்துவிட்டார்.

லொறி வர இரண்டு மணித்தியாலம். பூவரச மர நிழல் ஒன்று கிடைத்தது. நானா நண்பகல் ளுஹர் தொழுதார். நான் மைனாவின் காலில் ஈ மொய்க்காமல் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து இறங்கியதும் முதலில் கேட்டது, “மனேஜர் என்ன சொன்னான்?” நானா வைக்கோலை லொறித் தட்டில் பரப்பினார். திரும்பும் வழி முழுவதும் மச்சான் தன் லொறியின் கியர் பெட்டியைப் பற்றியே கதைத்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. மதுரங்குளியில் கடையொன்றில் மூவருக்கும் பிளேன்ரீ வாங்கித் தந்து, என்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். லொறிக் கூலி பதினான்காயிரம். அதை நான் கொடுத்தேன். நானா மறுத்தார், மச்சான் மறுக்கவில்லை.

ஹொட்டேல் ஒப்பந்தம் இல்லை என்றாகிவிட்டது. மனேஜர் கோபப்படவில்லையாம், வேறு ஏதோ படகுச் சுற்றுலா வைக்கிறார்களாம். மைனாவின் காயம் ஆறிவிட்டது. குளம்பு புதிதாக வளர்ந்து இறங்க ஒரு வருடமாவது செல்லும். நானா இப்போது அவளைக் காலையில் நல்ல தண்ணீரில் நிறுத்துகிறார். கப்டன் கிறவலில் ஒரு குறையுமில்லாமல் வந்தான், அதையும் எழுத வேண்டும். ஆனால் சேற்றில் பிய்ந்த சுவரில் அடுத்த லாடத்துக்கு ஆணி அடிக்க இடம் குறைவு. வாரம் ஒருமுறை இப்படி ஓடினால் அவனுக்கும் முடிவு இதுதான்.

ஆக, லாடமா வெறுங்குளம்பா? இரண்டு நாள் ஓடிவிட்டு நான் விளங்கிக்கொண்டது கொஞ்சம்தான். குதிரையின் குளம்பு அது தினமும் நிற்கிற தரைக்கு ஏற்ப வளர்கிறது. மணலில் வளர்ந்த குளம்பைக் கல்லில் ஓட்ட வேண்டுமானால் மாதக் கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லில் நடத்திப் பழக்க வேண்டும். உப்போ, இரும்போ, இறப்பரோ அந்த மாதங்களுக்குப் பதிலாக நிற்காது. இதைக் குழுவில் போட்டால் இரண்டு கட்சியும் என்னை ஏசும். அதனால் போடவில்லை. குழுவிலிருந்தும் விலகிவிட்டேன், உடம்பில் வலு இல்லை.

இந்தப் பதிவை நானாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். உப்புக் கதையை எடுத்துவிடவா என்று கேட்டேன். “இருக்கட்டும் மிஸ். இங்க மத்தவனுக்கும் அந்தப் புத்திதான் வரும்,” என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கண்டக்குளியிலிருந்து தலவில வரையான பன்னிரண்டு கிலோமீட்டர் இந்த நாட்டில் குதிரை ஓட மிக நல்ல கரைகளில் ஒன்று. அரை நாள் சவாரி, போக மட்டும், திரும்ப ஓட்டோவில் வரலாம். மார்கழியிலிருந்து பங்குனி வரை போங்கள், விடியலில் தொடங்குங்கள், ஒன்பது மணிக்கு முன் முடியுங்கள். நீளக் காற்சட்டையும் குதி வைத்த சப்பாத்தும் போடுங்கள். எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் பாரமானவர்கள் கப்டனைக் கேளுங்கள். ஒரு ஆளுக்கு நானா இப்போது ஆறாயிரம் வாங்குகிறார். பேரம் பேசாதீர்கள். மைனா வேலைக்குத் திரும்பும்வரை ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம், அதற்கும் பொறுமை வேண்டும்.

உடப்புக்குப் போக வேண்டுமென்றால் பஸ் இருக்கிறது. நானாவிடம் மட்டும் அந்த இரண்டு நாள் சவாரியைக் கேட்காதீர்கள். கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார். வீட்டில் நாலு பிள்ளைகள், இல்லை என்று சொல்ல அவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சொல்ல முடியாத அந்த இல்லையை, கண்டக்குளிக்குப் புறப்படும் முன் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு போங்கள்.